அம்மா வாசலைப் பெயர்த்த ஞாயிறு

2000ஆம் ஆண்டு ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்தாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு ஐந்து மணி. மற்ற ஆறு நாளும் மூன்றரை. ஐந்து இருபதுக்கு அடுப்பு மூட்டினாள். ஐந்து நாற்பதுக்கு அப்பாவுக்கு டீ. ஆறு மணிக்கு என்னை எழுப்பி, "படிக்கிட்ட சின்னதா ஒரு கோலம் போட்டுடு, அப்புறம் வேலைய ஆரம்பிக்கலாம்" என்றாள். ஆறரை மணிக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். இவற்றை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். மணி பார்த்து எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு வாசல் முப்பது அடிக்கு இருபத்திரண்டு அடி. மண் வாசல். தெருவிலேயே பெரியது. ஒரு காலத்தில் நெல் காயவைத்த இடம். நிலத்தைக் கம்பெனிகளுக்கு எடுத்துக்கொண்ட பிறகு காயவைக்க நெல் இல்லை. ஆனால் வாசல் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இடது பக்கம் நான்கு வரிசை கனகாம்பரம், வலது பக்கம் வேலிபோல டிசம்பர் பூ. இரண்டும் ஒருநாள் தண்ணீர் இல்லையென்றால் தலையைத் தொங்கப்போட்டுவிடும். மழை பெய்தால் படியிலிருந்து தெருவுக்குப் போக முட்டி வரை சேறு. வெயில் அடித்தால் ரோட்டில் போகும் லாரியெல்லாம் எங்கள் வீட்டுக்குள் மண் வாரிப் போட்டுவிட்டுப் போகும்.

இந்த வாசலுக்கு அம்மா தினமும் செய்த வேலை இது. மூன்றரைக்கு எழுந்து முழு வாசலையும் பெருக்க வேண்டும். முந்தின சாயங்காலமே இரண்டு தெரு தள்ளி வாங்கி வந்த சாணியைக் கரைத்துத் தெளிக்க வேண்டும். பதினைந்து புள்ளிக் கோலம். தெருமுனை அடிபம்பிலிருந்து செடிகளுக்குப் பதினான்கு குடம். இதெல்லாம் முடிய நான்கு முப்பத்தைந்து ஆகும். நான்கு ஐம்பதுக்குக் கூட்ரோட்டில் கம்பெனி பஸ். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி, இருங்காட்டுக்கோட்டையில். அம்மா அங்கே டிரெய்னியாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால் பர்மனென்ட். அதற்குள் இரண்டு முறை பஸ்ஸை விட்டிருந்தாள். மூன்றாவது முறை விட்டால் நெஞ்சில் குத்தியிருக்கும் கம்பெனி டோக்கனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் வாசல் தெளிக்காமல் போனால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் கோலம் இல்லாமல் ஒரு வாசல் விடிந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எட்டு மணிக்குள் நான்கு பேராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் வருபவள் அத்தை, அப்பாவின் அக்கா. மூன்றாவது வீட்டில்தான் இருந்தாள். தான் பிறந்த வீட்டு வாசலைத் தினமும் சாயங்காலம் வந்து பார்வையிட்டு, மடி நிறையக் கனகாம்பரம் பறித்துக்கொண்டு, எங்கே பெருக்கல் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஜூன் 11, முந்தின முந்தின ஞாயிறு, வீட்டில் இதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. அப்பாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "வேலைய வுட்டுடேன்" என்றார். அத்தைக்கு அதைவிட நல்ல வழி தெரிந்திருந்தது.

"பொண்ணு கீறா இல்ல? பன்னண்டு வயசு ஆவுது. நானெல்லாம் எட்டு வயசுல இந்த வாசல தெளிச்சவ. அவ பாத்துக்கட்டும். நீ கம்பெனிக்குப் போ, யாரு வேணான்றா?"

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றார் அப்பா, பெரிய பாரம் இறங்கியதுபோல.

"அவளுக்கு ஸ்கூல் கீது" என்றாள் அம்மா.

"ஸ்கூலு ஒம்போது மணிக்கு. வாசல் விடியறதுக்குள்ள. நடுவுல எவ்ளோ நேரம் கீதுனு நீயே எண்ணிப் பாரு."

கணக்கில் அத்தையை யாரும் மடக்க முடியாது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "கோலத்துக்குன்னே பொறந்த கைடி" என்று அத்தை முன்பே பலமுறை சொல்லியிருந்தாள். அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து வாசல் என்னுடையது. பதினோரு நாள் செய்தேன். என்ன கோலம், எத்தனை புள்ளி, எத்தனை குடம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஒன்பதாம் நாள் பதினேழு புள்ளிக்குப் போனேன். தெருவில் நான்கு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, கணக்கு டீச்சர் அதே நோட்டில் சிவப்பு மையால் 'வகுப்பில் தினமும் தூங்குகிறாள்' என்று எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அம்மா படித்தாள். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அடிபம்பு அடித்த இடத்தில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையெழுத்துப் போட்டு நோட்டைக் கொடுத்துவிட்டு, சாணி வாங்கக் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தபோது வாசல் தெளித்துக் கோலமும் போட்டு முடிந்திருந்தது. என்னை யாரும் எழுப்பவில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான். அன்று டிரைவர் பஸ்ஸை நகர்த்திய பிறகு ஓடிப்போய்க் கதவைத் தட்டி ஏறினாளாம். என் வேலையைப் பிடுங்கிக்கொண்டதற்கு அவளுக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று நினைத்தேன். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

வெள்ளி சாயங்காலம் அம்மா தன்னோடு ஒரு அக்காவைக் கூட்டிவந்தாள். லைனில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர், திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு இங்கே கார் கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்து, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் இருந்தார். வாசலை நான்கு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏக்கா, இம்புட்டு எடத்துக்கும் நித்தம் தண்ணி கோரி ஊத்துதியளா? எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது. சரளப் போட்டு இடிச்சு விட்டுருவோம். பத்து வருசத்துக்குப் பெருக்குததுக்கு வாரியல் மட்டும் போதும்."

சரள் இங்கே கிடைக்காது; கிரஷர் பவுடர் கிடைக்கும் என்றாள் அம்மா. கல் உடைக்கும் ஆலையில் மிஞ்சுகிற தூள். இருவரும் நூல் பிடித்து அளந்தார்கள். நான்கு அங்குலம் மண்ணை எடுத்துவிட வேண்டும். வீட்டுப் பக்கம் நான்கு விரல் உயரம், தெருப் பக்கம் தாழ்வு. மழைத்தண்ணீர் தானாக ஓடிவிடும். கீழே ஜல்லி, மேலே பவுடர். படியிலிருந்து தெருவரை நடப்பதற்கு மூன்றடி அகலத்தில் கடப்பாக் கல். இடித்துப்போட்ட ஒரு ரைஸ் மில்லின் தரைக் கற்களையும் ஜல்லியையும் பவுடரையும் சனிக்கிழமை இரவுக்குள் டிராக்டர் கொண்டுவந்து இறக்கிவிட்டது. தண்ணீர் கேட்கும் செடி ஒன்றுகூடக் கூடாது. ஓரத்தில் செவ்வரளி, கற்றாழை, நித்தியகல்யாணி. கோலத்துக்குப் படியருகே ஒரே ஒரு கல்.

மறுநாள் பஸ் ஏற வேண்டும் என்பதால் எல்லாம் ஞாயிறு ஒரே நாளில் முடிய வேண்டும்.

அந்த ஞாயிறு ஆறு மணிக்கு அம்மா என்னிடம் கேட்டது ஒரு சின்னக் கோலம். நான் போடவில்லை. தெருப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கிய அம்மா அதைக் கவனிக்கவும் இல்லை. எனக்குக் கொடுத்த வாசலைப் பிடுங்கிக் குப்பையில் போடப் போகிறாள், அதற்கு நான் கோலம் போட்டு வரவேற்பதா? தலையைப் பின்னாமல், முகம் கழுவாமல், தெருவோரக் கல்லில் போய் உட்கார்ந்தேன். முதல் கனகாம்பரச் செடியை அம்மா வேரோடு எடுத்தபோது சத்தம் போட்டு அழுதேன். வீட்டு முன்னால் இருந்த இரண்டு பெஞ்சுகளைத் தெருவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தூசிக்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழு பத்துக்குப் பால் வண்டி வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் படப்பைப் பக்கம் போனது.

எட்டு மணிக்கு அத்தை வந்தாள். செடி வைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் நித்தியகல்யாணிக் கன்றுகள் இருந்தன.

"இதையா வெக்கப்போற? சுடுகாட்டு மல்லிய எவளாவது வாசல்ல வெப்பாளா?"

"சுடுகாட்டுல அதுக்கு யாரு அண்ணி தண்ணி ஊத்தறாங்க? அப்பவும் பூக்குது இல்ல? எனக்கு அந்த மாதிரி செடிதான் வோணும்."

காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டிருந்த திருநெல்வேலி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அத்தை அப்பாவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இனி நடப்பதை உட்கார்ந்தே பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டாள்போல.

பத்து ஐம்பது. வாசலில் பாதி ஜல்லி பரப்பியாகிவிட்டது. மீதிப் பாதி பள்ளம். அம்மா திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கித் தரையை இடித்துக்கொண்டிருந்தாள். சேலையை முட்டிக்கு மேல் சொருகி, தலை முதல் கால் வரை சாம்பல் நிறத்தில் இருந்தாள். அப்போது தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. அதிலிருந்து ஒப்பாரி இறங்கியது.

படப்பையில் இருக்கும் பெரியம்மா, அம்மாவின் அக்கா. கூடவே அவள் தெருப் பெண்கள் இருவர். ஒருத்தி கையில் ரோஜா மாலை. பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன வுட்டுட்டுப் பூட்டியேடி தங்கச்சி! ஷிப்டு ஷிப்டுனு ஓடி ஒடம்ப ஒழிச்சிக்கினியேடி!"

அம்மா கட்டையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "யக்கா, இன்னா ஆச்சு? யாரு பூட்டாங்க?"

பெரியம்மா அந்தச் சாம்பல் உருவத்தைப் பார்த்தாள். ஒப்பாரி நின்று அலறல் வந்தது. இரண்டடி பின்னால் போனாள். பிறகு பாய்ந்து வந்து அம்மாவின் தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள்.

"பால் வண்டிக்காரன் சொன்னான்டி! வாசல்ல கோலம் இல்ல, தெருவுல பெஞ்சு போட்டு ஆளுங்க நிக்கறாங்க, வூட்டுக்காரரு தலையில துண்டப் போட்டுக்கினு குந்திக்கினு கீறாரு, பொண்ணு தலைய விரிச்சிப் போட்டுக்கினு அழுவுதுன்னான். நான் வேற இன்னானு நெனைக்கிறது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அம்மா படியருகே பார்த்தாள். அங்கே வெறும் மண்.

"போடலயா?"

நான் தலையை ஆட்டினேன். அதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

"பாத்தியாடா தம்பி? உசுரோட நிக்கறவளுக்கு மால வந்துடுச்சி. இதுக்கு மேல இன்னா சகுனம் வோணும் உனக்கு? மூடச் சொல்லு. பள்ளத்த மூடி, சாணி தெளி. நம்ம வாசல் நம்ம வாசலாவே இருக்கட்டும்."

அப்பா வந்து அம்மாவின் கையிலிருந்த கட்டையைப் பிடித்தார். "இன்னிக்கி வேணாம். அப்புறமா நல்ல நாள் பாத்து செய்யலாம்."

அப்புறம் என்பது எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். பள்ளத்தில் மண் திரும்பும். மூன்றரை மணி திரும்பும். இன்னும் ஒரு மாதத்துக்குள் பஸ் ஒருமுறை தவறும். அம்மா டோக்கனைக் கழற்றிக் கொடுப்பாள். வேடிக்கை பார்த்தவர்களில் இருவர் பாவம் என்று சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஜெயித்தது போலிருந்தது. ஆனாலும் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா கட்டையை அப்பாவிடம் விட்டுவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாலை வைத்திருந்த பெண்ணிடம் போனாள்.

"எனக்குன்னு வாங்கினதுதானே? குடுங்க."

வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.

பெரியம்மா "அடியே!" என்று கன்னத்தில் கைவைத்தாள். அம்மா மாலையோடு திரும்பி வந்து அப்பாவுக்கு எதிரில் நின்றாள்.

"இன்னிக்கி எனக்கு எழவுன்னு ஊரே சொல்லிடுச்சி. செத்தவளுக்கு சகுனம் ஒண்ணும் கெடையாது. நாளைக்கி நாலு அம்பதுக்கு பஸ் ஏறணும் நானு. கட்டைய குடுங்க."

அப்பா கொடுத்துவிட்டார். இடிக்கும்போது ரோஜா உதிர்ந்து தொந்தரவாக இருந்ததால், பத்துப் பதினைந்து இடிக்குப் பிறகு மாலையைக் கழற்றி டிராக்டர் கொட்டிய ஜல்லிக் குவியலின் மேல் வீசினாள்.

முதலில் சிரித்தவள் பெரியம்மா. அழுத கண்ணோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏக்கா" என்றார் திருநெல்வேலி அக்கா, "ஒங்க ஊர்ல செத்தாத்தான் சொந்தக்காரவுக இம்புட்டு வெரசா வருவாகளோ?"

"வந்தது வந்துட்டாங்க" என்றாள் அம்மா, நிமிராமலே. "ஆளுக்கு ஒரு கூடைய குடு."

பெரியம்மா சேலையை இழுத்துச் சொருகினாள். ஒப்பாரி வைக்க வந்த மூன்று பேரும் பவுடர் சுமந்தார்கள். அப்பா தண்ணீர் தெளிப்பதற்கு அடிபம்பில் குடம் குடமாக அடித்துக் கொண்டுவந்தார். பதினான்கு குடம் என்பது எவ்வளவு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். பன்னிரண்டாவது குடத்தில் அவர் நின்று இடுப்பைப் பிடித்ததை நான் குறித்து வைத்திருக்கிறேன். நானும் நடுவில் எழுந்துபோய், யாரும் கூப்பிடாமலே, ஓரக் கற்களைத் தூக்கிக் கொடுத்தேன்.

அத்தை கிளம்பும்போது அம்மா அவளை நிறுத்தினாள். பிடுங்கிய கனகாம்பரம் எதையும் அவள் எறிந்திருக்கவில்லை. வேரில் ஒட்டிய தாய் மண்ணோடு இரண்டு கூடையில் அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"உங்களுக்குத்தான் அண்ணி. உங்க வாசல்ல வெச்சிக்குங்க. தெனமும் தண்ணி மட்டும் மறக்காம ஊத்துங்க."

அத்தை கூடைகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பூவை விட மனம் வரவில்லை. ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு போனாள். பிறகு ஒன்றரை மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தண்ணீர் ஊற்றவே நேரம் போதவில்லை என்று பேச்சு.

மாலை ஐந்து நாற்பதுக்குக் கடைசிக் கடப்பாக் கல் உட்கார்ந்தது. அம்மா ஒரு குடம் தண்ணீரைப் படியருகே சாய்த்தாள். அது எங்கும் தேங்காமல், கல்லின் இரு பக்கமும் நழுவி, தெருவுக்கு ஓடி இறங்கியது. அந்த வாசல் இன்றும் அப்படியே இருக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் இரண்டு முறை மேலே கொஞ்சம் பவுடர் தூவியதைத் தவிர நாங்கள் அதற்கு எதுவும் செய்ததில்லை. பெரியம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடைசி ஆட்டோவுக்குப் போனாள். அன்று கோலத்தைப் பற்றி என்னிடம் அம்மா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜூன் 26, திங்கள். பழக்க தோஷத்தில் மூன்றரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வேலை நாளில் அவள் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. அசதி என்று நினைத்தேன். செய்த தப்புக்கு ஈடாக, படியருகே இருக்கும் அந்த ஒரு கல்லில் யாரும் பார்த்திராத கோலமாகப் போட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் புள்ளி வைத்தபடி படுத்திருந்தேன். நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவள் எழுந்தாள். நானும் எழுந்து, முந்திக்கொண்டு ஓடி, கோலமாவு டப்பாவை எடுத்தேன். அம்மா வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, என் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். குனிந்து ஐந்து புள்ளி வைத்தாள். இரண்டு நிமிடத்தில் சுற்றி முடித்தாள். பிறகு உள்ளே போய் முக்காலியைப் போட்டு ஏறி, பரணில் பாத்திரங்களுக்குப் பின்னால், என் கைக்கு எட்டாத இடத்தில் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

கோலம் போடாததற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் டப்பா கீழே வந்துவிடும் என்று, அவள் டீ குடித்து, தலை சீவி, டோக்கனைக் குத்திக்கொண்டு கிளம்பும்வரை, அவள் பின்னாலேயே நடந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.